கிணறு இருக்கும் பாதி

எங்கள் கிணறு சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரர்கள் மும்பையில் இருக்கிறார்கள். நான் மும்பைக்குப் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. நான்கு நாள் அங்கே இருந்தும் கடலைப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். கடல் நமக்கும் பக்கம்தானே என்று சொல்லிவிட்டேன்.

என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பட்டாவில் ஏழு ஏக்கர் நிலம். சித்தப்பா இளவயதிலேயே தாராவிக்குப் போய்விட்டார். ஜெபராஜ் அண்ணன், கிரேஸ் அக்கா என்று அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் அங்கேயே பிறந்தவர்கள். அப்பாவுக்கு நான் ஒருத்திதான். பெரியவர்கள் இருவரும் காலமான பிறகு ஏழு ஏக்கரையும் நான்தான் பார்த்துவருகிறேன். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். விவசாயம் என் பொறுப்பு.

பத்திரத்தில் பிரிக்காவிட்டாலும் வாய்ப்பேச்சில் பாகம் உண்டு. ரோட்டோரப் பாதி அப்பாவுக்கு. உள்பக்கத்துப் பாதி சித்தப்பாவுக்கு. கிணறு இருப்பது உள்பக்கத்தில். மோட்டாருக்கான கரண்ட் சர்வீசும் சித்தப்பா பெயரில். அவர் உயிரோடு இருந்தவரை இது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. காணப்பயறும் எள்ளும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கிணறு யார் பெயரில் இருந்தால் என்ன?

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் முருங்கை வைத்தேன். எங்கள் பக்கத்தில் அப்போதுதான் எல்லோரும் வைக்க ஆரம்பித்தார்கள். காய் லாரி ஏறி மும்பைக்குப் போகிறது. கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கொட்டகைகள் வந்துவிட்டன. இதற்கு நடுவில் சோலார் கம்பெனிகளும் வந்தன. வடக்கே கண்ணுக்கெட்டும் தூரம் வரை கறுப்புக் கண்ணாடிதான். முன்பு எங்களுக்குக் களையெடுக்க வந்த பெண்கள் இப்போது பேனல் துடைக்கப் போகிறார்கள். ஒதுங்க நிழல் இல்லை, ஆனால் மாதச் சம்பளம். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கேட்டு அலுவலகத்துக்குப் போனபோது, கிணற்றுப் பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அதே வாரத்தில் நிலப் புரோக்கர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "உள்பக்கத்துப் பாதியக் கம்பெனிக்குப் பேசியாச்சு. தாராவில ஒங்க அண்ணாச்சிகிட்ட வார சனிக்கிழமை கையெழுத்து" என்றார். கிணறு என்று கேட்டேன். "நெலத்தோட சேந்ததுதான" என்றார். கிணறு போனால் ரோட்டோரத்து மரங்கள் ஒரு கோடையைத் தாங்காது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை தாதரில் இறங்கினேன். அண்ணன் போனில் சொன்னது மிகவும் சுலபமான வழி. லோக்கல் ரயில் ஏறு, அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, அங்கே மதினி நிற்பாள். நானும் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பதுதான் சரி. பின்னால் நின்ற பெண்கள் என்னையும் என் பையையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார்கள். மாட்டுங்கா வந்தது. பெயர்ப்பலகை சினிமா மாதிரி ஜன்னலில் ஓடி மறைந்தது. ரயில் நிற்கவே இல்லை. அடுத்து சயான் என்று ஒரு ஸ்டேஷன். அங்கேயும் நிற்கவில்லை. நான் ஏறியது பாஸ்ட் லோக்கல் என்பது பிறகுதான் தெரிந்தது.

எதிர் சீட்டில் ஒரு பெண் மடியில் துணி விரித்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குப் போகிறவள்தான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இந்த ஊரில் சமையல் ரயிலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. என் முகத்தைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டாள். எனக்கு இந்தி தெரியாது. இரண்டு வீட்டு விலாசமும் எழுதியிருந்த காகிதத்தை நீட்டினேன். மேலே தாராவி, கீழே செம்பூர். என் கட்டைவிரல் மேல்வரியை மறைத்திருக்க வேண்டும். அவள் செம்பூரைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். குர்லாவில் என் கையைப் பிடித்து இறக்கி, பாலம் ஏறி இறங்கி, வேறொரு பிளாட்பாரத்தில் வேறொரு ரயிலில் ஏற்றிவிட்டு, விரலை இரண்டு என்று காட்டினாள். இரண்டாவது ஸ்டேஷன். கையில் ஒரு பிடி பட்டாணியும் கொடுத்தாள். அவள் தன் ரயிலை விட்டுவிட்டாள் என்பது எனக்குச் செம்பூரில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அண்ணனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மதினிக்கு அடித்தேன், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சரி, வந்தது வந்தோம், அக்காவையே முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். அக்காவைக் கடைசி நாளில், போகிற போக்கில் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அண்ணன் சம்மதித்தால் அவளும் சம்மதித்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பையில் இருந்த கருப்பட்டி, முருங்கைப் பொடி, சுக்கு எல்லாம் தாராவி வீட்டுக்கு. அக்காவுக்கு என்று எதுவும் கட்டவில்லை. செம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டாகக் கட்டினேன். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

கிரேஸ் அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஐரோலியில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை. என் நேரத்துக்கு அன்று அந்த நாள். கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது.

"எஸ்தரா? அரே, நீ எப்பிடி இங்க? உள்ள வா, வா."

பாவும் முட்டைப் பொரியலும் கொடுத்தாள். பாவ் என்பது நம்மூர் பன்னைவிடச் சின்னது, இனிப்புக் கிடையாது. மூன்று தின்றேன். அக்கா காதில் மாட்டிய கருவியில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே எனக்கு டீ ஊற்றினாள். வீடு சின்னது, துப்புரவாக இருந்தது. மகள் புனேயில் படிக்கிறாளாம். கணவர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அந்தச் சாவுக்கு எங்கள் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது.

வேலை முடிந்து அவள் வந்து உட்கார்ந்ததும் சம்மதக் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். தமிழ் பேசுவாள், படிப்பது அவ்வளவாக வராது. கேட்டுவிட்டு, "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்த? தபால்ல அனுப்பியிருக்கலாமே" என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்லக்கா, சனிக்கிழமைக்குள்ள வாங்கணும். அண்ணன் சோலாருக்கு வித்துட்டாங்கன்னா அதுக்கப்புறம் என்ன பண்ண?" என்றேன்.

"எத விக்கான்?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் விடவில்லை. புரோக்கர் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை. காதுக் கருவியில் பேசிய அதே குரல்.

"அந்தப் பாதியில எனக்குப் பாதி உண்டு, இல்லையா?"

"உண்டுக்கா."

"அவன் என்கிட்ட சொல்லல. சரி. நீ எட்டு வருஷமா என் நெலத்துல வெவசாயம் பண்ற. நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்குத் தாராவிக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். நிலத்தைப் பற்றி அண்ணனிடம் பேசியிருக்கிறேன். நானும் ஒரு பெண், என் அப்பா நிலத்தை நான்தான் ஆள்கிறேன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சித்தப்பாவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள் என்பது என் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தது.

"கேக்கல அக்கா. தப்புதான்" என்றேன்.

அவள் என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு, "சனிக்கிழமை நானும் தாராவிக்கு வாரேன். அதுவரைக்கும் அவன்ட்ட ஒண்ணும் சொல்லாத. இங்கயே இரு" என்றாள். அண்ணனிடம் போனில் ரயில் மாறி ஏறியதையும், செம்பூரில் தங்கியிருப்பதையும் மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். கூடப்பிறந்தவர்களுக்குள் சண்டை மூட்டிவிட ரயிலேறி வந்த மாதிரி ஆகிவிட்டதே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா ஐரோலிக்குப் போய்விட்டாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. ஊரில் எங்கள் காயை வாங்கி அனுப்பும் ஏஜெண்ட் ஒரு விலாசம் கொடுத்திருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் எங்கள் பக்கத்துக் காய் விற்கிறவர், மைதீன் பாய். கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் சயான் வரை வந்து ஓரங்கட்டி, இறங்கு என்று கையைக் காட்டினார். மாட்டுங்கா, மாட்டுங்கா என்று நான் கத்தினேன். அவரும் ஏதோ கத்தினார். டீக்கடையில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே தமிழில் மொழிபெயர்த்தார்.

"அக்கா, அவர் கோச்சுக்கல. ஆட்டோவுக்கு இதுக்கு மேல பர்மிஷன் கெடையாது. இனி டாக்சி, இல்லன்னா பஸ்சு."

ஒரே ஊருக்குள் ஆட்டோ போகக்கூடாத எல்லை இருக்கிறது என்பதை இங்கேதான் பார்த்தேன். பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை, பூ, வெற்றிலை, காபித்தூள் எல்லாம் கிடைக்கிறது. பாதிக் கடைகளில் தமிழ் கேட்கிறது. மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர், முப்பது வருஷமாக அங்கே இருக்கிறார். தட்டில் முருங்கைக்காய் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்தேன்.

"இது நம்ம பக்கத்துக் காய் இல்லையே."

"கெட்டிக்காரிம்மா நீங்க. இது சோலாப்பூர் காய்" என்று சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒரு காலத்துல நம்ம காய் வந்தாத்தான் கடைல முருங்கக்கா. இப்ப இங்க உள்ளவனும் வெச்சிட்டான், குஜராத்துலயும் வெச்சிட்டான். நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல வெட்டி அனுப்புதீங்க. லாரி மேல லாரி வந்து நிக்கும். பெறவு ரெண்டு மாசம் ஒரு காய் வராது. அந்த ரெண்டு மாசம் எவன் அனுப்புதானோ அவன்தான் ராஜா."

கிளை வெட்டும் கவாத்தை முன்னே பின்னே செய்தால் காய்ப்பைத் தள்ளலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் நம் கையில் இருந்தால்தான் அது நடக்கும். மழையை நம்பியிருந்தால் எல்லோருக்கும் காய்க்கும்போதுதான் நமக்கும் காய்க்கும். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்பக் கெணத்தைக் கெட்டியாப் பிடிச்சிக்கோங்க" என்றார். என் பாடு எதையும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே உடற்பயிற்சி உடையில் ஒரு பெண் வந்து கீரை கேட்டாள். முருங்கைக்கீரைதான். நான்கு கொத்துக்கு அவள் கொடுத்த நோட்டுகளைப் பாயோடு சேர்ந்து நானும் எண்ணினேன். எங்கள் ஊரில் கீரையை விலைக்கு வாங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. பாய் கண்ணைச் சிமிட்டினார். "கீரைன்னு சொல்லப்படாது. மொரிங்கான்னு சொல்லணும்."

அவர் சொன்ன மெஸ்ஸில் மதியம் இலைச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் பிரமாதம். சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய் முற்றல். பரிமாறியவரிடம் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெளியூரில் அதிகம் வாய் பேசினால் என்ன நடக்கும் என்பதை முந்தின நாள்தான் கற்றிருந்தேன்.

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் சயானில் இறங்கி நடந்தோம். அண்ணன் வீட்டுக்கு அவள் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சண்டை ஒன்றும் இல்லை, "டைம் இல்ல, அவ்ளோதான்" என்றாள். தாராவி பற்றி நான் கேள்விப்பட்டது வேறு. பார்த்தது, எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்ததை. ஒரு சந்தில் தோல் பை தைக்கிறார்கள், அடுத்ததில் அப்பளம் காய்கிறது, அதற்கடுத்ததில் தகர டின்னைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். பல கதவுகளில் பெயிண்டால் எண் எழுதியிருந்தது. பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான கணக்கெடுப்பு எண் என்று அக்கா சொன்னாள்.

அண்ணனுடையது பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் பட்டறை. வாங்கி, பிரித்து, கழுவி, அரைத்து, மணிகளாக்கி விற்கிறார். ஒரு பிளாஸ்டிக் துண்டை நெருப்பில் காட்டி மோந்து பார்த்தே அது என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். அவர் கதவிலும் ஒரு எண் இருந்தது. மாடியில் வீடு, ஏணி மாதிரி இரும்புப் படி. மதினி மேலிருந்தே, "வா எஸ்தரு! அன்னைக்கு மாட்டுங்கால நின்னு நின்னு என் காலே போச்சு" என்றாள். பிறகு பின்னால் வந்த அக்காவைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

"என்ன கிரேஸு, அதிசயமா?"

"கையெழுத்துப் போடப் போறியாமே. என் கையெழுத்து வேண்டாமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் கறுப்புக் குழாய்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சொட்டுநீர்க் குழாய்கள். நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கழித்துப்போட்டவை எடைக்கு வந்திருந்தன. நான் அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

மதினி எங்களைச் சாப்பிட உட்காரவைத்தாள். பொம்பில் என்று ஒரு மீனைப் பொரித்திருந்தாள், வாயில் வைத்தால் கரைகிறது. யாரும் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒளிச்சு வெக்கணும்னு இல்லட்டி. இங்க நெலமை தெரியுமா ஒனக்கு? வீட்டுக்கு எடம் கெடைக்கும்ங்காங்க. பட்டறைக்குக் கெடைக்குமா, எங்க கெடைக்கும், யாருக்கும் தெரியாது. நாளைக்கு மெஷினைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? வெளிய ஒரு எடம் பிடிக்கணும். ஊர்ல அது சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்கலண்ணே. அதுல மரம் நிக்கு" என்றேன் நான். என்னையறியாமல் வந்துவிட்டது.

"ஒன் மரம் நிக்கு" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

அக்கா ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினாள். கம்பெனியின் மும்பைப் புரோக்கர் விட்டுப்போன ஆங்கிலக் காகிதம். அவளுடைய வேலையே ஒப்பந்தம் படிப்பதுதான். மீன் பட்ட கையைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பேனாவால் ஓரத்தில் கோடு போட்டாள். கீழே மெஷின் ஓடாததால் சந்தில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது.

"இது விக்கிற பத்திரம். கெணறு, கரண்ட் சர்வீஸ், மரம், எல்லாம் சேத்து. பணம் ஒரு தடவைதான். இதே கம்பெனி மத்தவங்ககிட்ட குத்தகைக்கும் எடுக்கான், தெரியுமா? காலையில ரெண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

"குத்தகைன்னா கொஞ்சம் கொஞ்சமாத்தான வரும்."

"வரும்ல. இங்க பாரு." அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த நம்பர் எழுத வந்தப்போ ஒன்கிட்ட என்ன கேட்டாங்க? பேப்பர் கேட்டாங்க. இல்லாதவன்லாம் இன்னும் அலையுறான். ஊர்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு பேப்பர் இருக்கு, ஜெபராஜ். அதையும் குடுத்துட்டு நிக்கப் போறியா?"

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து கீழே போனார். நானும் பின்னால் போனேன். மெஷினைப் போடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கறுப்புக் குழாய் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார்.

"நீ போடப்போற குழாய் இதானா?"

"இந்த மாதிரிதான்."

"இது மட்டம். வெயில்ல ரெண்டே வருஷம், வெடிச்சிரும். பாரு." நகத்தால் கீறிக் காட்டினார். இன்னொரு சுருளை இழுத்தார். "இது ஒரிஜினல் மால். இத்தன வருஷம் கெடந்தும் வளையுது பாரு. வாங்கும்போது எனக்கு ஒரு துண்டு அனுப்பு. நான் எரிச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விற்கவும் தயாராக இருந்தார், என் குழாய் நிலைக்கவேண்டும் என்றும் நினைத்தார். இரண்டும் பொய்யில்லை. நான் மட்டும் எதையும் இழக்காமல் அவரிடமும் அக்காவிடமும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றியது.

மேலே போய் உட்கார்ந்து சொன்னேன். "எனக்குக் கெணறு வேணும். கம்பெனிக்கு ரோடு வேணும். பாதிக்குப் பாதி மாத்திக்குவோம். ரோட்டோரத்த நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க, குத்தகைக்கு விடுங்க. உள்பக்கத்த எனக்குத் தாங்க."

சொல்லும்போது எனக்குத் தெரியும் நான் எதைக் கொடுக்கிறேன் என்று. ரோட்டோரம் நல்ல செம்மண். நான் முதலில் வைத்த மரங்கள் அங்கேதான் நிற்கின்றன. மினி லாரி வரப்பு வரை வரும். உள்பக்கம் பாதிக்கு மேல் மண்வெட்டி இறங்காத சுக்காம்பாறை. ஏழு ஏக்கர் விவசாயம் மூன்றரை ஏக்கர் ஆகிவிடும். ஆனால் அந்த மூன்றரைக்குத் தண்ணீர் இருக்கும், அது என் பெயரில் இருக்கும்.

அண்ணன் நம்பாமல் பார்த்தார். "ரோட்டோரத்தத் தாறியா? யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"யோசிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

"பாதை?" என்றாள் அக்கா. "நீ உள்ள போக வர வண்டிப் பாதை விடணும். அத எழுத்துல போடணும். வாயால சொன்னதெல்லாம் போதும்."

நான் மறந்ததை அவள்தான் எனக்காகக் கேட்டாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மும்பைப் புரோக்கர் வந்தார், ஊரில் என்னிடம் பேசியவர் இல்லை. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அண்ணன் பேனாவோடு இருப்பார் என்று நினைத்து வந்தவர், மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றத் தயங்கினார். அக்கா தமிழில் தொடங்கி, இந்திக்குப் போய், ஆங்கிலத்தில் முடித்தாள். விற்பனை இல்லை, குத்தகை. உள்பக்கம் இல்லை, ரோட்டோரம். பாதை விடவேண்டும். வருஷா வருஷம் அவரவர் பாகம் அவரவர் கணக்கில். அண்ணனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தனித்தனியாக.

"ரோட்டோரமா?" புரோக்கரின் முகம் மாறியது. "அது கெடைக்காதுன்னுல்ல கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன். கேட்டுச் சொல்லுதேன்." படி இறங்குவதற்குள்ளேயே போனைக் காதில் வைத்துவிட்டார்.

மதினி எல்லோருக்கும் டீ போட்டாள். நான் கொண்டுபோன கருப்பட்டியைத் தட்டிப் போட்டிருந்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பேப்பர்ல என் பேரையும் அவ பேரையும் சேத்துப் போடுவாங்களா, தனித்தனியாவா?" என்றார். "தனித்தனியா" என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலையாட்டினார். பிறகு கீழே போய் மெஷினைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வண்டியேற்ற வந்தாள். இந்த முறை எந்த ரயில் நிற்கும், எது நிற்காது என்று பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். வழிநெடுக ஊரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முருங்கையைப் பற்றிக் கேட்டாள். எத்தனை வருஷம் காய்க்கும், எப்போது வெட்டவேண்டும், கூலிக்கு ஆள் கிடைக்கிறதா. ஒரு கம்பெனிக்காரி இன்னொரு கம்பெனிக்காரியிடம் கேட்பது போல. எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு நடந்த காகித வேலைகளை எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, பரிவர்த்தனை என்று பல மாதங்கள் ஓடின. அண்ணனும் அக்காவும் ஒரு முறை வந்து பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு மறுநாளே திரும்பினார்கள். கம்பெனி குத்தகைக்கு ஒத்துக்கொண்டது. ரோட்டோரத்து மரங்களை வெட்டுகிற அன்று நான் அங்கே போகவில்லை. என் வீட்டுக்காரர் போய் நின்றார். உள்பக்கத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்தது. முதல் துண்டை வெட்டித் தபாலில் தாராவிக்கு அனுப்பினேன். நல்ல மால், போடலாம் என்று அண்ணன் போன் செய்தார்.

சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட அன்று மதியம் அக்கா அழைத்தாள். ஆபீசில் சாப்பாட்டு நேரம் போல, பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா? என் பாகத்துக்கு எத்தன கல்லு நட்டாங்க?"

"நாலு கல்லுக்கா."

"நாலும் என்னோடதா?"

"ரோட்டுப் பக்கம் ஒண்ணு ஒங்களோடது, ஒண்ணு ஒங்களுக்கும் அண்ணனுக்கும் பொது. உள்பக்கத்து ரெண்டு ஒங்களுக்கும் எனக்கும் பொது."

வண்டிப் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். புதுக் கல்லின் உச்சியில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்ப நாம ரெண்டு பேரும் பக்கத்து நெலத்துக்காரங்க" என்றாள் அக்கா.

ஆமாம் என்றேன்.